முப்பத்தொன்றாம் பெட்டியில் எறும்பில்லாத ஊசி

சென்ற வாரம் காலேஜிலிருந்து ஒரு கார்டு வந்தது. எழுதியவர் என் இடத்தில் இப்போது வேலை பார்ப்பவர். பிராணி சாஸ்திர இலாகாவில் பழைய மரப்பெட்டிகளை எடுத்துவிட்டு இரும்பு அலமாரி போடுகிறார்களாம். புது இழுப்பறைகளில் இடம் குறைவு என்பதால், பூச்சி விழுந்துபோன ஊசிகளைப் பிடுங்கிவிட்டு வரிசையை நெருக்கி வைக்கும்படி உத்தரவாம். ஆப்பிரிக்கா எறும்புகள் இருக்கும் முப்பத்தொன்றாம் பெட்டியில், நாலாவது வரிசைக் கடைசியில் வெறும் ஊசி ஒன்று நிற்கிறது, சீட்டுகள் மட்டும் குத்தியிருக்கின்றன, கடைசிச் சீட்டு மடிந்து கிடக்கிறது, எழுத்து மங்கிவிட்டது, ஆனால் கையெழுத்து தங்களுடையது போலத் தெரிகிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார்.

எடுக்க வேண்டாம் என்று உடனே பதில் கார்டு போட்டேன். போட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில், விலாசத்தில் இலாகாவின் பெயரை எழுதினேனா இல்லையா என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போய் இன்னொரு கார்டும் போட்டேன். இரண்டிலும் காரணம் எழுதவில்லை. கார்டில் அடங்குகிற காரணம் இல்லை அது. ஆனால் காரணம் தெரியாமல் ஒருவரை உத்தரவை மீறச் சொல்வதும் நியாயமாகாது. நான் ஓய்வு பெற்ற நாளில், இலாகாப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நாலாங்கிளாஸோடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

எனக்கு ஊர் காஞ்சீபுரம், பிள்ளையார்பாளையம். எங்கள் தெருவில் எல்லோரையும் போல நானும் பட்டுத்தறி வீட்டில் பிறந்தேன். ஆனால் எனக்குப் பேர் கிடைத்தது நெசவில் அல்ல, பிணைப்பில். தறியில் நீளவாட்டில் ஓடுகிற இழைகளுக்குப் பாவு என்று பேர்; ஒரு பாவு தீர்ந்தால், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் நுனி இழையோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரலில் கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றும் விடாமல் செய்ய வேண்டிய வேலை. நெய்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு இழை அறுந்தாலும் அதே கைதான். அதே நிறத்தில் ஒரு துண்டு இழை எடுத்து, அறுந்த இடத்தில் வைத்து முறுக்கி, தறியை மறுபடி ஓட்ட வேண்டும். விட்டுவிட்டால் அந்த இடத்திலிருந்து சேலை முடிகிற வரையில் இழையில்லாமல் ஒரு சந்து ஓடும். சந்து விட்டவனைத் தெருவில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். துண்டு இழை வைத்தவனை ஒருவரும் மோசக்காரன் என்று சொல்லமாட்டார்கள். கை பழகிவிட்டால் இதற்கு யோசனையே வேண்டாம். அறுந்தது கண்ணில் பட்டதும் கை தானாகத் துண்டு இழைக்குப் போகும்.

ஜெர்மன் சண்டை வந்தபோது சீமைச் சாயம் நின்றுபோயிற்று. பாதித் தறிகள் படுத்துவிட்டன. அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஞானமுத்து குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தார். அவருடைய பாட்டன் முசரவாக்கத்தில் பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். அப்பா காலத்தில் கிறிஸ்தவரானார்கள். இவர் டாக்டருக்குப் படித்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் ரயில் பாதை போட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போய், இருபது வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்தவர். ஓரிக்கைக்குப் போகிற வழியில் மாந்தோப்போடு ஒரு ஓட்டு வீடு வாங்கியிருந்தார். இதெல்லாம் தெருவுக்குத் தெரியும். அவர் என்னத்துக்கு எங்கள் தெருவுக்கு வந்தார் என்பதுதான் தெரியாது.

"இங்க நல்லா பிணைக்கிறவங்க யாருப்பா?" என்று கேட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். "தோ, வேலாயுதம். கை நல்ல கைதாங்க. ஆனா ஒரு பாவு பிணைச்சா பத்து தபா எண்ணுவான். அவன் எண்ணி முடிக்கறதுக்குள்ள அந்தச் சேலைய கட்ட வேண்டிய பொண்ணுக்குக் குழந்தையே பொறந்துடும்."

டாக்டர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் முன்னால் பிரித்தார். உள்ளே எள் அளவுக்கு ஏதோ கிடந்தது.

"இது இன்னா?"

"எறும்புங்க."

"காலை எண்ணு."

எண்ணினேன். "அஞ்சுங்க."

"எறும்புக்கு ஆறு இல்ல?"

"ஆறாவது ஒடஞ்சிருக்குதுங்க. காயிதத்து மடிப்புல கீது பாருங்க."

அவர் காகிதத்தை மறுபடி மடித்தார். "நாளைக்கு வா" என்றார்.

அப்படித்தான் நான் எறும்பு வேலைக்குப் போனேன். தெருவில் கொஞ்ச நாள் என்னைப் பார்த்தால், "இன்னா வேலாயுதம், இன்னிக்கு எத்தினி எறும்புக்குப் பாடை கட்டினே?" என்று கேட்பார்கள். அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கிறாயா என்றும் சிலர் கேட்டார்கள். குடிக்கவில்லை. முதல் நாளே டாக்டர் தாழ்வாரத்தில் ஒரு புதுப் பானையைக் காட்டி, "உங்க தெருவுலேர்ந்து தண்ணி கொண்டாந்து ஊத்திக்கோ" என்று சொல்லிவிட்டார். நானாக வாய் திறந்து கேட்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அது எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. பிறகு அதை நினைத்தால் கூச்சமாக இருக்கும்.

வேலையைச் சொல்கிறேன். தகர டப்பாக்களில் மரத்தூளும் பூச்சி உருண்டையும் போட்டு, காகித மடிப்புகளில் எறும்புகள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்தன. காய்ந்துபோன எறும்பைத் தொட்டால் பொடியாகிவிடும். வாயகன்ற ஜாடியில் ஈர மணல் பரப்பி, மேலே வலைத்தட்டு வைத்து, அதில் எறும்பைக் கிடத்தி மூட வேண்டும். ஒரு நாள் கழித்து எடுத்தால் கால் மூட்டுகள் மடங்கும். முக்கோணமாக வெட்டிய சிறு அட்டையின் நுனியில் ஊசிமுனை அளவு கோந்து. அதன் மேல் எறும்பின் மார்பு உட்கார வேண்டும், இடுப்பு மறையக்கூடாது. அட்டையின் அகன்ற பக்கத்தில் ஊசி. ஊசியில் கீழே சீட்டு. சீட்டில் எந்த ஊர், என்றைக்கு, எந்த மரம் அல்லது மண், யார் பிடித்தது. மேஜையின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கும். செத்த எறும்பைத் தின்ன உயிருள்ள எறும்பு வராமல் இருப்பதற்காக. காலையில் போனதும் முதல் வேலை அந்தக் கிண்ணங்களைப் பார்ப்பது. போகும்போது கடைசி வேலையும் அதுதான். பாதி வழி வந்துவிட்டு, ஊற்றினேனா என்று சந்தேகப்பட்டுத் திரும்பிப் போனது எத்தனையோ நாள்.

டாக்டரின் சட்டம் ஒன்றுதான். ஊசியில் முதலில் சீட்டு, பிறகு எறும்பு. சீட்டு இல்லாத எறும்பு ஒரு நிமிஷம்கூட மேஜையில் இருக்கக்கூடாது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிசகு கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைப்பார். துடைத்துக்கொண்டே, "நல்லா பாத்தியா? இன்னொரு தபா பாரு" என்பார். மறுபடி பார்த்துச் சொன்னால், "இன்னொரு தபா" என்பார். தெரியவில்லை என்று சொன்னால்தான் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். "தெரியலன்னு எழுது. அதுக்கும் ஒரு சீட்டு கீது."

ஆப்பிரிக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த எறும்புகள் வழியாகத் தெரிந்ததுதான். ஒவ்வொரு டப்பாவைத் திறக்கும்போதும் அவர் அந்த எறும்பின் குடித்தனத்தைச் சொல்லுவார். சியாஃபு என்று ஒரு ஜாதி. வேலைக்கார எறும்புகளுக்குக் கண்ணே கிடையாது. லட்சக்கணக்கில் சேர்ந்து வாய்க்கால் ஓடுவது போல வரும். வீட்டுக்குள் நுழைந்தால் ஜனங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கட்டிய கோழியை அவிழ்த்துவிட்டு வெளியே போய்விடுவார்களாம். திரும்பி வந்து பார்த்தால் எலி, கரப்பான், தேள் ஒன்றும் மிச்சமிருக்காது. "ஆஸ்பத்திரிய சுத்தம் பண்றதுக்கு அதுங்கள மாதிரி ஆளு எனக்குக் கெடைச்சதே இல்ல" என்பார். அதே ஜாதியில் ஆண் எறும்பு இறக்கையோடு தடித்துக் குளவி போல இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரியாமல் சீமைப் பண்டிதர்களே வெகு காலம் தனித்தனிப் பேர் வைத்திருந்தார்களாம். கறையான் புற்றைக் கொள்ளையடிக்க வரிசை கட்டிப் போகிற கறுப்பு எறும்பு ஒன்று. வழியில் காலை வைத்தால் சீறும் சத்தம் காதில் கேட்குமாம். இன்னொரு ஜாதியில் ராணி என் சுண்டுவிரல் நுனி அளவு இருந்தது. அதன் காலில் தூசி ஒட்டியிருக்கிறதென்று தூரிகையால் தட்டப் போனேன். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தூசிக்குக் கால் இருக்குதா பாரு."

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இருந்தது. அத்தனையும் அவளுடைய வேலைக்கார எறும்புகள். ராணி பறந்து போகும்போது கால் மயிரைக் கடித்துக்கொண்டு கூடவே போகிறவை.

முள் வேலமரத்து எறும்பும் உண்டு. அங்கே ஒரு வகை வேலமரத்தில் முள்ளின் அடி பாக்கு அளவுக்கு உப்பி, உள்ளே பொந்தாக இருக்கும். எறும்பு அதில் ஓட்டை போட்டுக் குடியிருக்கும். காற்றடித்தால் அந்த ஓட்டைகள் சீட்டி அடிக்கும். ஒட்டகச்சிவிங்கி தழை மேய வந்தால் மூக்கில் கடி விழும். அந்த மரத்துக்குப் போட்டி போடுகிற எறும்பு நாலு ஜாதி. ஒரு மரத்தில் ஒரு ஜாதிதான். பக்கத்து மரத்துக் கிளை வந்து தொட்டால் சண்டை.

"ஒரு மரத்துக்கு ஒரு ஜாதி. நம்ம ஊரு மாதிரிதான்பா" என்றார் டாக்டர். நான் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் உயிரை வைத்திருந்தது முசுறின் மேல்தான். மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டுகிற செவ்வெறும்பு. நம் ஊரிலும் உண்டு, ஆப்பிரிக்காவிலும் உண்டு. அவர் தோப்பிலேயே ஒரு கூட்டை லேசாகக் கிழித்துவிட்டு என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தார். சில எறும்புகள் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்வி, சங்கிலியாகத் தொங்கி, இரண்டு இலைகளின் ஓரத்தை இழுத்துச் சேர்த்துப் பிடித்தன. வேறு சில உள்ளிருந்து தங்கள் புழுவை வாயில் கவ்விக்கொண்டு வந்து, இந்த இலையில் ஒரு தொடல், அந்த இலையில் ஒரு தொடல் என்று மாறி மாறிப் போயின. புழுவின் வாயிலிருந்து இழை வந்தது. இலைக்கு நடுவில் வெள்ளையாகத் துணி விழுந்தது.

"தறியில குறுக்கு இழை போடற நாடாதாங்க இந்தப் புழு" என்றேன். அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் தோளில் தட்டினார்.

ஆப்பிரிக்கா முசுறும் நம் முசுறும் ஒன்றா என்பது அவருடைய கேள்வி. அங்கே கடற்கரையிலிருந்து ஏரிக்கரை வரையில் பதினாறு இடங்களில் அவர் முசுறு பிடித்திருந்தார். நிறம் இடத்துக்கு இடம் மாறும், வெளிர் மஞ்சளிலிருந்து கறுஞ்சிவப்பு வரையில். ஆனால் இடுப்பில் இருக்கிற கணுவைப் பக்கவாட்டில் பார்த்தால் பதினாறு இடத்துக்கும் ஒரே அமைப்பு, அது நம் ஊர் அமைப்பு அல்ல என்பது அவர் முடிவு. இதைச் சீமைக்கு எழுதி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். முன்னொரு முறை அவர் அனுப்பிய எறும்புகளுக்கு, நாட்டு ஆட்கள் எழுதுகிற சீட்டுகளை அப்படியே நம்புவதற்கில்லை என்று ஒரு பண்டிதர் பதில் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் மேஜை இழுப்பறையில் எப்போதும் இருக்கும். "ஒரு சீட்டு பொய்யாப் போனா இருவது வருசமும் பொய்யாப் போவும்பா. அவங்களுக்கு ஒண்ணு போதும்" என்பார்.

இப்போது என் பிசகைச் சொல்ல வேண்டும்.

பதினாறு இடங்களில் ஒன்று மசேராஸ் என்ற சிறிய ரயில் ஸ்டேஷன். கடலுக்குக் கொஞ்சம் உள்ளே. அங்கிருந்து வந்த முசுறு ஆறு. ஐந்தை ஊசியில் ஏற்றிவிட்டேன். ஆறாவதைச் சாமணம் என்கிற சிறு இடுக்கியில் எடுத்தபோது எனக்குத் தும்மல் வந்தது. அவ்வளவுதான். இடுப்பு நசுங்கி, தலை ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம். டாக்டர் யாரோ நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். ஊசியும் சீட்டும் தயாராக நின்றன. ஐந்து எறும்புக்குப் பக்கத்தில் ஒரு சந்து.

என் கை துண்டு இழைக்குப் போயிற்று. எழுந்து தோப்புக்குப் போனேன். முதல் மரத்தில் அதே நிறத்தில், அதே நீளத்தில் ஒரு முசுறைப் பிடித்தேன். சாராயத்தில் போட்டேன். துடைத்தேன், கால்களைச் சீராக்கினேன், கோந்தில் வைத்தேன். வரிசை நிறைந்தது. அப்போது எனக்குக் குற்றம் என்று தோன்றவேயில்லை. கெட்டிக்காரத்தனமாகக்கூடத் தோன்றியது. உடைந்ததை மட்டும் எறிய மனம் வரவில்லை. காகிதத்தில் மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற வழியில், ஓரிக்கை ரோடு திரும்புகிற இடத்தில்தான் சீட்டில் இருக்கும் ஊர்ப் பேர் நினைவுக்கு வந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் அப்படியே நினைத்தேன்.

மூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் காலை டாக்டர் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து, "வேலாயுதம், இங்க வாப்பா" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"பாரு. மசேராஸ் அஞ்சும் ஒரு மாதிரி. ஆறாவது இருக்குதே, அது நம்ம ஊரு முசுறு. அச்சு அசல்."

அவரே பேசிக்கொண்டு போனார்.

"எப்படி வந்துருக்கும் சொல்லு. அந்தப் பக்கத்து மாமரமெல்லாம் நம்ம ஆளுங்க கப்பல்ல கொண்டுபோனதுதான். கன்னுல ஒரு கூடு இருந்துருக்கும். யாரும் பாக்கல. ஏறிக் குந்திக்கினு கடலைத் தாண்டிப் போய் எறங்கி, அந்த ஊரு எறும்போட எறும்பாப் பொழச்சுக் கெடக்குது." கண்ணாடியைக் கழற்றினார். துடைப்பதற்காக அல்ல, கண்ணைத் துடைத்துக்கொள்ள. "நானும் அப்படித்தான்பா போனேன்."

அன்று முழுக்க ஞானப்பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார். அவர் பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பதினாறு இடத்துச் சேதி பின்னுக்குப் போய்விட்டது. கடல் தாண்டிய எறும்பைப் பற்றித்தான் கடிதம். பத்து நாள் உட்கார்ந்து அந்த இடுப்புக் கணுவைப் படமாக வரைந்தார், எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். அந்தப் பத்து நாளும் நான் கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

வீட்டில் என் பெண்சாதி மங்கா கவனித்துவிட்டாள்.

"இன்னாங்க, சோத்தைப் பிசைஞ்சுக்கினே இருக்கீங்க? எறும்புக்கு ஊசி போடற வேலைக்கு இம்மாம் யோசனையா?"

சொன்னேன். அவளும் தறி வீட்டில் பிறந்தவள். கேட்டுவிட்டு, "அறுந்துது, பிணைச்சீங்க. இதுல இன்னா கீது?" என்றாள்.

"அந்த எறும்பைப் பாத்துட்டுத்தான் அவரு சீமைக்கு எழுதறாரு. அவங்க ஆள வுட்டு மசேராஸ்ல தேடுவாங்க. இருக்காது. அப்பறம் அவரு எழுதின ஒரு சீட்டையும் நம்பமாட்டாங்க."

மங்கா சோற்றுப் பானையை மூடினாள். "அப்போ நீங்க பிணைச்சது உங்க பாவு இல்ல. அடுத்தவரு பாவு" என்றாள். பிறகு, "வேலை போவுமா?" என்று கேட்டாள்.

"போவும்."

"சொன்னாலும் போவும், சொல்லாட்டாலும் நீங்க போயிடுவீங்க போல கீது. ஏதோ ஒண்ணு பண்ணுங்க. சோத்தைத் துன்னுட்டுப் பண்ணுங்க."

சீமைத் தபால் நாள் வந்தது. கடிதம், படம், தக்கைப் பெட்டியில் அந்த ஆறாவது எறும்பு. எல்லாவற்றையும் துணியில் தைத்து, அரக்கு வைத்து என் கையில் கொடுத்தார். "பாத்து எடுத்துக்கினு போப்பா. குலுக்காத" என்றார்.

ஓரிக்கை ரோட்டிலிருந்து தபாலாபீஸ் வரையில் அந்தப் பொட்டலத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். ஜன்னலுக்கு எதிரில் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர் போனார். எனக்குப் பின்னால் இருந்தவரும் என்னைத் தாண்டிப் போனார். குமாஸ்தா தலையை நீட்டினார்.

"இன்னாப்பா, குடுக்கப் போறியா, குழந்தை மாதிரி வச்சுக்கினு நிக்கப் போறியா? தபால் பையைக் கட்டற நேரம் ஆச்சு."

"வோணாங்க" என்றேன்.

"அப்போ எதுக்குப்பா வந்தே?"

திரும்பி நடந்தேன். நடந்தேன் என்று எழுதுகிறேன், பாதி வழி ஓடியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஓடினால் எறும்பு உடையுமே என்று மறுபடி நடந்திருப்பேன்.

டாக்டர் மேஜையில் இருந்தார். "அனுப்பிட்டியா?" என்றவர் என் கையில் பொட்டலத்தைப் பார்த்தார்.

"இல்லீங்க. அது மசேராஸ் எறும்பு இல்லீங்க. நம்ம தோப்பு எறும்புங்க. மொத மரம்."

எல்லாவற்றையும் சொன்னேன். தும்மலிலிருந்து சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் சொல்லி முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒடஞ்சது எங்க?" என்று கேட்டார்.

சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மேஜையில் வெள்ளைக் காகிதம் விரித்து மடிப்பைப் பிரித்தார். மூன்று மாதம் என் இடுப்பில் கிடந்து, உள்ளே எல்லாம் பொடியாகியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு கால் துண்டு தெரிந்தது. கணு இல்லை, தலை இல்லை. நான் சொல்வதற்குச் சாட்சி என்று அதில் ஒன்றுமில்லை.

"வேலாயுதம், யோசிச்சுச் சொல்லு. நெசமா மாத்தி வச்சியா? நீ செய்யாததையும் செஞ்சேன்னு பயப்படற ஆளு."

இதை அவர் கேட்டார். ஆம், நான் அப்படிப்பட்ட ஆள்தான். அந்த நிமிஷம் ஒரு வழி திறந்தது. தெரியலீங்க என்று சொல்லியிருந்தால் பொட்டலம் அடுத்த தபாலில் போயிருக்கும். அவர் குரலில் அந்த ஆசையும் இருந்தது.

"நெசமாங்க. இன்னொரு தபா கேட்டாலும் அதான். மாத்தி வச்சேன்."

அவர் பொட்டலத்தை இழுத்து, தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். பிரித்துக்கொண்டே பேசினார்.

"உன்ன தெனமும் ரெண்டாவது தபா பாரு, மூணாவது தபா பாருன்னு சொன்னேன். இந்த எறும்பை நான் ஒரு தபாதான் பாத்தேன். நம்ம ஊருதுன்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டேன். எப்படி வந்துச்சுன்னு கதை கட்டிக்கினேன். உன்னக் கூப்பிட்டு, எங்கேர்ந்து எடுத்தேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேக்கத் தோணல. எனக்கு அது வேண்டியிருந்துச்சுப்பா."

எனக்கு இருமல் வந்தது. அவர் தன் கூஜாவிலிருந்து தன் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது போலிருக்கிறது, கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். நான் எடுத்துக் குடித்தேன்.

வேலை போகவில்லை. அதைவிடக் கஷ்டமான ஒன்று வந்தது. நான் அதுவரையில் ஊசியில் ஏற்றிய ஒவ்வொரு எறும்பையும் வெளியே எடுத்து, இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். சியாஃபு, வேலமரத்து எறும்பு, ராணியும் அவள் கால் தூசியும், எல்லாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி. "இது வந்ததா, நீ வச்சதா?" வந்ததுங்க, வந்ததுங்க என்று நாள் முழுக்கச் சொல்லுவேன். ஐந்து வாரம் ஆயிற்று. வேறு எதையும் நான் மாற்றவில்லை. ஆனால் ஏரிக்கரையிலிருந்து வந்த முசுறு ஒன்று இருந்தது. அந்த இடத்துக்கு அது ஒன்றுதான். அதை ஈரத்தில் வைத்த அன்று ஜாடியில் இரண்டு சீட்டுகள் கலந்து கிடந்ததா, அல்லது கலந்து கிடந்ததாக நான் பிறகு பயந்தேனா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"தெரியலீங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஏரிக்கரைக்கு ஐந்து நாள் நடந்து போய், காய்ச்சலோடு திரும்பிக் கொண்டுவந்த எறும்பு அது. சாமணத்தால் அந்த ஊசியை எடுத்துத் தனிப்பெட்டியில் வைத்தார். பதினாறு இடம் பதினைந்தாயிற்று.

சீமைக்குப் பதினைந்து இடத்தின் சேதியும், மசேராஸ் வரிசையில் நடந்ததும், ஏரிக்கரை விடுபட்ட காரணமும் சேர்த்தே எழுதினார். என் பேரைப் போடவில்லை. தம் மேஜையில் நடந்த பிசகு என்றுதான் எழுதினார். ஏழெட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பெற்றுக்கொண்டோம் என்று இருந்தது. நம்புகிறோம் என்றும் இல்லை, நம்பவில்லை என்றும் இல்லை. அதையும் இழுப்பறையில் அந்தப் பழைய கடிதத்தின் மேல் வைத்தார்.

அவர் காலமான பிறகு பெட்டிகள் காலேஜுக்கு வந்தன. பெட்டிகளோடு நானும் வந்தேன். பிறகு பதினைந்து வருஷத்துக்கு மேல் அங்கே வேலை. ஆயிரக்கணக்கான பூச்சிகளை ஊசியில் ஏற்றியிருப்பேன். என் கையில் எத்தனையோ உடைந்தன. ஒவ்வொன்றுக்கும் உடைந்தது என்று சீட்டு எழுதி, அந்த இடத்தைச் சந்தாகவே விட்டேன். வேலாயுதத்தின் பெட்டிகளில் ஓட்டை அதிகம் என்று வாத்தியார்கள் சொல்லிச் சிரித்தது எனக்குத் தெரியும்.

தோப்பு எறும்புக்கு டாக்டரே ஒரு சீட்டு எழுதினார். ஓரிக்கை ரோடு, மாமரம், பிடித்தது வேலாயுதம். அது உள்ளூர் எறும்புப் பெட்டியில் இருக்கிறது. அதைத் தாராளமாக எந்த அலமாரிக்கும் மாற்றலாம்.

முப்பத்தொன்றாம் பெட்டி ஊசி விஷயம் வேறு. அன்றைக்குப் பொட்டலத்தைப் பிரித்து முடித்த பிறகு, மேஜையில் கிடந்த பொடியை டாக்டர் தூரிகையால் ஒன்றுசேர்த்தார். மெல்லிய காகிதத் துண்டில் அதைத் தள்ளி, ஓரங்களை நாலு மடிப்பாக மடித்தார். மேல் பக்கத்தில் என்னையே எழுதச் சொன்னார். ஆறாவது, என்னால் உடைந்தது என்று எழுதிப் பேர் போட்டேன். அந்த மடிப்பை அவர் மசேராஸ் சீட்டுக்குக் கீழே ஊசியில் ஏற்றி, ஐந்து எறும்புகளுக்குப் பக்கத்தில் அதன் இடத்திலேயே குத்தி வைத்தார்.

ஆகையால் அது வெறும் ஊசி அல்ல. மடிந்து கிடக்கிற கடைசிச் சீட்டைப் பிரிக்க வேண்டாம். மசேராஸ் எறும்பு அதற்குள்தான் இருக்கிறது.